துணைக்குரல்

பியூலாவின் குரலை நிறுவனம் எழுதி வாங்கிக்கொண்ட அன்று ஜல்லடியன்பேட்டை ஹப்பில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண்ணின் படம் இருந்தது. பதினோரு வருடத்தில் அந்த இடத்தில் யாருக்கும் கேக் வெட்டியதில்லை. அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

விரைவன் பார்சல் கம்பெனியில் அவள் டிஸ்பாட்சர். வெளியாட்களுக்கு அந்த வேலை என்னவென்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். காலை ஆறரைக்கு லாரி வந்து மூட்டைகளை இறக்கும். எந்த மூட்டை எந்தத் தெருவுக்கு, எந்தத் தெரு யாருக்கு என்று பிரிக்க வேண்டும். அது பாதி வேலைதான். கன்னியப்பனின் வண்டியில் முன் பிரேக் பிடிக்காது, அவனை ஏற்ற இறக்கமான பக்கம் அனுப்பக்கூடாது. தேசிங்குவின் மகளை மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆள் கிடையாது, அந்த நேரத்துக்கு அவன் பெரும்பாக்கம் பக்கமாக இருக்கும்படி நடையைப் போட வேண்டும். மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் லிஃப்டில் ஏற விடமாட்டார்கள், அங்கே முழங்கால் வலிக்காரனை அனுப்பக்கூடாது. இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அவள் தலையில் இருந்தது. நாள் முழுக்க, பார்சல் கொண்டுபோகும் ரைடர்கள் கூப்பிடுவார்கள். கதவு பூட்டியிருக்கிறது, நாய் துரத்துகிறது, பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அவள் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இருநூற்று நாற்பது ரைடர்களுக்கு ஆறு டிஸ்பாட்சர்கள் இருந்தார்கள். ஆறு பேரில் பியூலா சொன்னால் மட்டும் ரைடர்கள் மறுபேச்சில்லாமல் போனார்கள். அதைத்தான் நிறுவனம் கவனித்தது. கிண்டியில் ஒரு சின்ன அறையில் மூன்று நாள் உட்காரவைத்து வாக்கியங்கள் படிக்கச் சொன்னார்கள். பதினோரு வருடத்தில் அவள் பேசிய போன் பதிவுகளும் அவர்களிடம் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஒரு குரல் செய்தார்கள். துணைக்குரல் என்று அதற்குப் பெயர். அது ஒரே நேரத்தில் இருநூற்று நாற்பது பேரோடும் பேசும். அவளைப் போலவே இருமும். "இருப்பா, ஒரு நிமிஷம்" என்று சொல்லும். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்கும்.

மற்ற ஐந்து பேரில் இரண்டு பேரைக் கிடங்குக்கு மாற்றினார்கள், மூன்று பேர் தாங்களே வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். பியூலாவுக்கு மாடியில் கண்ணாடி அறை கொடுத்தார்கள். திரையில் இருநூற்று நாற்பது பச்சைப் புள்ளிகள் நகரும். ஏதாவது புள்ளி சிவப்பானால் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எதுவும் சிவப்பாகாது. அவள் வாயைத் திறக்காமல் பல நாட்கள் கழிந்தன.

ரைடர்களுக்கு விஷயம் தெரியாது. ஆப்பில் ஒரு அறிவிப்பு வந்தது உண்மைதான், 'எங்கள் சேவை மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று. அதை யார் படித்தார்கள்?

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் மதியம், டீ குடிக்கக் கீழே இறங்கியபோது கன்னியப்பன் எதிரே வந்தான். முப்பத்தெட்டு வயது, ஹப்பிலேயே பழைய ஆள். எப்போதும் நின்று பேசுகிறவன் அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தான்.

"என்னா கன்னியப்பா, பாத்தும் பாக்காத மாதிரி போற?"

"ஒண்ணும் இல்லக்கா." போனவன் திரும்பி வந்தான். "ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்காத. நேத்து நாலு தடவ, எனக்காகப் போயிடு, எனக்காகன்னு கேட்ட. முந்தாநாளு மூணு. முன்னாடியெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவ கேப்ப. கேட்டா அதுல ஒரு நியாயம் இருக்கும். இப்ப எல்லாத்துக்கும் கேக்குற. எனக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

பேசுவது மிஷின் என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. "பாக்கறேன்ப்பா" என்றாள். மாடிக்குப் போய் கிளை மேலாளர் சபரீஷிடம் சொன்னாள். முப்பது வயதுக்காரன், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட நேரம் இல்லாதவன். "மேல மெயில் போடறேன்க்கா" என்றான். போடவும் செய்தான்.

அதற்குப் பதினோராம் நாள் தேசிங்குவின் புள்ளி சிவப்பானது.

நவம்பர் மழை. மாலை நான்கு மணி. சித்தாலப்பாக்கத்தைத் தாண்டி ஏரிக்கரைச் சாலையில் ஒரு தரைப்பாலம் உண்டு. ஏரி நிறைந்தால் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். புள்ளி பாலத்தின் நடுவில் நின்றது. பிறகு பாலத்தை விட்டு விலகி, சாலையே இல்லாத இடத்தில் நின்றது. பியூலா தன் போனில் அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவனை இழுத்துக் கரையில் போட்டார்கள். உயிர் இருந்தது. வண்டி அவன் காலின் மேல் விழுந்து கல்லோடு சேர்த்து நசுக்கியிருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் பதிவைக் கேட்டாள். சபரீஷும் கூட உட்கார்ந்திருந்தான்.

"தேசிங்கு, எங்கப்பா இருக்க?" அவள் குரல்தான். அவளுக்கே சந்தேகம் வரவில்லை.

"பாலத்துக்கு முன்னாடிக்கா. தண்ணி ஓடுது. திரும்பிடறேன்."

"எவ்ளோ இருக்கு?"

"முட்டிக்குக் கீழதான். ஆனா இழுக்குதுக்கா."

"நடுவுல மெதுவா போயிடு. ஒரே ஒரு பார்சல்தான? மழ நாள்ல உன்ன விட்டா எனக்கு வேற யாருப்பா இருக்கா? எனக்காக."

மழைச் சத்தத்துக்கு நடுவே அவன் வண்டியைக் கிளப்புவது கேட்டது.

"சரிக்கா. நீ கேட்டு மாட்டேன்னா சொல்லப்போறேன்."

பியூலா ஹெட்செட்டைக் கழற்றினாள். "அந்தப் பார்சல்ல என்ன இருந்துச்சு?"

சபரீஷ் திரையில் தேடிப் பார்த்தான். "பாத்ரூம் வாசல்ல போடற கால்மிதி."

"எனக்காகன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான்க்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நாலு வருஷம் முன்னாடி ஒரு டயாலிசிஸ் மருந்து. இதே தேசிங்குகிட்ட கேட்டீங்க. அந்தப் பதிவு அதுகிட்ட இருக்கு. மருந்துக்காகக் கேட்டீங்கன்னு அதுக்குத் தெரியாது. அந்த வார்த்தைய சொன்னா ரைடர் சரிங்கறார்னு மட்டும் தெரியும். எது சொன்னா சரிங்கறாங்களோ அத அடிக்கடி சொல்லும். அதோட வேலையே அதான்."

"தண்ணி இழுக்குதுன்னு சொன்னானே. அது காதுல விழலையா?"

"ரைடர் வாயால சொல்றத அது நம்பாது. வேலைக்குச் சோம்பப்பட்டுக்கூட சொல்லலாம்னு வெச்சிருக்காங்க. வண்டி நின்னாத்தான் நம்பும். அதுவும் ஒரு வண்டி நின்னா ஆளு மேல தப்பும்பாங்க. ஒரே இடத்துல பத்து வண்டியாவது நிக்கணும். அப்பதான் ரோட்டு மேல தப்புன்னு எடுத்துக்கும்."

"என் குரல எடுத்துடச் சொல்லு."

"நேத்தே எழுதினேன்க்கா. ஒப்பந்தத்துல பத்து வருஷம்னு இருக்கு. நீங்க வேலைய விட்டுப் போனாலும் குரல் இங்கதான் இருக்கும்."

அவள் அன்று சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனாள். தேசிங்கு சுவரோரக் கட்டிலில் கிடந்தான். இருபத்தொன்பது வயது. அவன் மனைவி மஞ்சு ஸ்டூலை அவளுக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டாள். காலிருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. பியூலா அங்கே பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"நீ ஏன்க்கா மழைல வந்த?" என்றான் தேசிங்கு. "உன் மேல தப்பு இல்ல. நாந்தான் ஓரமா போயிட்டேன்."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததை அவள் சொன்னாள். "தேசிங்கு, அது நான் பேசல. கம்பெனி என் குரல எடுத்து மிஷின்ல போட்டிருக்காங்க. அஞ்சு மாசமா அதுதான் பேசுது. நான் உங்கிட்ட பேசி அஞ்சு மாசம் ஆச்சு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்தபடியே எதையோ பின்னோக்கி யோசித்துக்கொண்டு போவது தெரிந்தது.

"பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துச்சே, ஆகஸ்ட்ல. எக்மோர் ஆஸ்பத்திரில சேத்தமே. ராவெல்லாம் உங்கிட்டதான பேசினேன்? ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே. போன்ல அழுதியேக்கா."

"பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்ததே எனக்குத் தெரியாதுப்பா."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கால் போனதைவிட அது அவனை அதிகம் அடித்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மஞ்சு கேட்டாள்: "அதுவே எல்லாம் பேசுச்சுன்னா, நீங்க அங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"ஸ்கிரீனப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள் பியூலா.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே ஹப் வாசலில் போய் நின்றாள். வந்த ஒவ்வொரு வண்டியையும் கையைக் காட்டி நிறுத்தினாள். "போன்ல பேசறது நான் இல்ல. மிஷின். எனக்காகன்னு கேட்டா போகாத." சிலர் நம்பவில்லை. அவள் அவர்கள் போனை வாங்கி, அவர்கள் கண்ணெதிரிலேயே துணைக்குரலோடு பேசிக் காட்டினாள். ஒரே குரல் இரண்டு பக்கமும் பேசுவதைக் கேட்டதும் ஒருவன் அருவருப்போடு போனைப் பிடுங்கி ஈரத்தைத் துடைப்பதுபோல் சட்டையில் துடைத்தான். ஐந்து நாளில் இருநூற்று நாற்பது பேரிடமும் சொல்லி முடித்தாள்.

நிறுவனம் எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் ரைடர்கள் அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினார்கள். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்; அது "கோவமா இருக்கியா தம்பி?" என்று கேட்டது. ஆனால் பிழைப்பு நடக்க வேண்டுமே. குரலை அணைத்துவிட்டு, திரையில் தெரியும் நீலக்கோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்கள். பார்சலோடு திரும்பி வந்தால் அடுத்த நாள் நடை குறையும் என்பதால் கோடு எங்கே போனதோ அங்கே போனார்கள். கோடு அந்தத் தரைப்பாலத்தின் மேலேதான் போனது. தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது. வாரம் முழுக்க கணுக்கால் தண்ணீரில் எல்லோரும் பத்திரமாகக் கடந்தார்கள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் மறுபடி மழை பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு, ஏரிக்கரையில் வீடு இருக்கும் ஒரு வாடிக்கையாளர் ஹப்புக்குப் போன் செய்தார். "பாலம் நடுவுல இடிஞ்சு போச்சும்மா. என் கண்ணு முன்னாடி ஒரு பசுமாடு இறங்குச்சு, காணோம். மேல தண்ணி ஓடறதால ஒண்ணும் தெரியல. உங்க பசங்க யாரும் இந்தப் பக்கம் வரவேணாம்."

பியூலா அதைக் கணினியில் பதிந்தாள். 'உறுதிசெய்யப்படாத தகவல்' என்று காட்டியது. திரையில் பத்தொன்பது புள்ளிகள் ஏரிக்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். ஆள் அனுப்புகிறோம், மழையில் முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். எல்லோருக்கும் செய்தி எழுதி அனுப்பினாள். துணைக்குரல் செய்தியும் எழுதும் என்பதை அவளே அவர்களிடம் சொல்லியிருந்தாள். ஒரு புள்ளியும் திரும்பவில்லை.

முன்னால் போய்க்கொண்டிருந்தது கன்னியப்பன். தன் சொந்த நம்பரிலிருந்து அவனைக் கூப்பிட்டாள். எடுத்துவிட்டான்.

"கன்னியப்பா, பாலம் உடைஞ்சிடுச்சு. போகாத. திரும்பு."

"அட! அக்கா நம்பர்லருந்தே வர ஆரம்பிச்சிட்டியா நீ?"

"டேய், நான்தாண்டா. நிஜமா நான்தான்."

"இதையும் சொல்லுவன்னு அக்கா சொல்லிச்சு" என்று வைத்துவிட்டான். அதன்பிறகு எடுக்கவில்லை.

சபரீஷும் கூப்பிட்டுப் பார்த்தான். மேலாளர் நம்பரைப் பார்த்தால் மழையில் வண்டியை நிறுத்தி யார் எடுப்பார்கள்? அவன் தன் ஸ்கூட்டர் சாவியை மேசையில் வைத்தான். அவள் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஏழு கிலோமீட்டர். கன்னியப்பனுக்கு நடுவில் மூன்று வீடுகள் இருந்தன, அதனால்தான் அவளால் முந்த முடிந்தது. பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால் ஸ்கூட்டரைச் சாலையின் குறுக்கே போட்டாள். பழுப்புத் தண்ணீர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எங்கே உடைந்திருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

கன்னியப்பன் வந்தான். மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக நின்ற உருவத்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "நில்லு கன்னியப்பா!" என்று கத்தினாள். குரல் காதில் விழுந்ததும் அவன் தலையை உதறிக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகுவதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தாள், மழைக்கோட்டின் தொப்பியை விலக்கி முகத்தைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டியின் முன்னால் போய் நின்றாள்.

முன் பிரேக் இல்லாத வண்டி சறுக்கிக்கொண்டு வந்து அவள் முழங்காலில் மெதுவாக முட்டி நின்றது.

"அக்கா?"

அவள் பதில் பேசவில்லை. தண்ணீரைக் காட்டினாள். அவன் இறங்கி, ஓரத்தில் கிடந்த சவுக்குக் கழியை எடுத்து அடியெடுத்து வைத்துக் குத்திப் பார்த்துக்கொண்டே போனான். பாலத்தின் மேல் இருபதாவது அடியில் கழி முழுதாக உள்ளே போய்விட்டது. கையை விட்டதும் அதைத் தண்ணீர் கொண்டுபோனது. திரும்பி வந்ததும் தன் வண்டியையும் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குறுக்கே நிறுத்தினான்.

அடுத்தடுத்து வந்தவர்களைக் கன்னியப்பன் கத்தி நிறுத்தினான். வண்டி நின்றுவிட்டால் துணைக்குரல் தானாகவே பேச ஆரம்பிக்கும். அணைத்து வைத்திருந்தாலும் ஸ்பீக்கரில் வரும். ஐந்து வண்டி, ஆறு வண்டி. எல்லாப் போனிலிருந்தும் பியூலாவின் குரல் கிளம்பியது. "ஏன்ப்பா நின்னுட்ட?" "உடம்பு சரியில்லையா தம்பி?" "இன்னும் ரெண்டே வீடுதான், எனக்காக." மழைச் சத்தத்துக்கு மேல் அவளே எட்டுப் பேராகி மாற்றி மாற்றிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தாவது வண்டி வந்து நின்றது. ஓரிரு நிமிடம் கழிந்திருக்கும். எல்லாக் குரலும் ஒரே சமயத்தில் பாதி வாக்கியத்தில் நின்றன. பிறகு சேர்ந்தாற்போல் சொல்லின: "அந்த வழி அடைஞ்சிருக்குப்பா. சுத்திப் போயிடு. பாத்துப் போ." அன்பாகத்தான் சொல்லின.

மீதி ஒன்பது பேரும் ஏரிக்கரைக்கு வரவே இல்லை. நீலக்கோடு அவர்களை முன்பே வேறு பக்கம் திருப்பிவிட்டது.

மறுநாள் திரையில் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் குறி இருந்தது. பியூலா அதை வெகுநேரம் பார்த்தாள். பதினொரு மணிக்கு ஒருவர் கண்ணால் கண்டு சொன்னதை அது எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வண்டி நின்றதை எடுத்துக்கொண்டது. தண்ணீரா, பள்ளமா, சும்மா நின்றார்களா என்று அது கேட்கவில்லை. அவள் சபரீஷின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தனக்குத் தெரிந்த தரைப்பாலங்களையும், மழை பெய்தால் வாய் திறக்கும் குழிகளையும் எழுதினாள். பதினான்கு வந்தது. தாளை அவனிடம் காட்டினாள்.

அவன் படித்துவிட்டு, "இதெல்லாம் இப்ப தண்ணியே இல்லாத இடமாச்சேக்கா" என்றான்.

"ஆமா. இப்பவே போனாத்தான உண்டு?"

காய்ந்த இடத்திலும் பத்து வண்டி நின்றால் போதும் என்பது அவனுக்கும் புரிந்தது. தாளை மடித்து அவளிடமே கொடுத்தான். "எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதான?"

ஞாயிறு வெயில் அடித்தது. ஒட்டியம்பாக்கம் போகும் வழியில் காய்ந்துகிடந்த ஒரு தரைப்பாலத்தில் பத்து வண்டிகள் வரிசையாக நின்றன. ரைடர்கள் வண்டியின் மேல் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போன்கள் கெஞ்சிக்கொண்டிருந்தன. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"என்னாம்மா, ஆக்சிடெண்டா?"

"இல்லம்மா. ஆகாம இருக்கறதுக்கு" என்றாள் பியூலா.

"அப்ப எங்க ஊருக்குப் பார்சல் வராதா?"

"வரும். சுத்தி வரும். ஒரு நாள் லேட்டாகும்."

அந்த அம்மா அதை யோசித்துப் பார்த்தார். ஒரு நாள் லேட்டானால் குடிமுழுகிப் போய்விடாது என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு, ஒரு தடையும் இல்லாத அந்தப் பாலத்தைக் கடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் பத்துப் போன்களும் வழி அடைந்திருப்பதாகச் சொல்லின. கன்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். "பச்சைப் பொய்யிக்கா. உன் குரல்லயே சொல்லுது பாரு."

பியூலா தாளில் ஒரு பெயரை அடித்தாள். "பொய்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாலத்துக்கு எந்த வழியாகப் போவது என்று விசாரித்தாள்.